கட்டி போன பிறகும் கிளினிக் ஏன்?

[காட்சி: களுவாஞ்சிக்குடி, ஒரு வீட்டு விறாந்தை. வட்டாவில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை.]

வணக்கம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லுவது இதற்கு முக்கிய காரணம். வட்டா வைக்காத கலியாண வீடு மட்டக்களப்பில் அபூர்வம், ஆகவே இது நம் வீட்டு விசயம். சத்திரசிகிச்சை, கதிர், கீமோ எல்லாம் முடிந்து, "கட்டி போயிட்டுது" என்று நிம்மதியாக வீடு வந்தவருக்கு, சில வேளை அதே கன்னத்தில் திரும்ப வருகிறதே, ஏன்?

கட்டியில் உள்ள கலங்கள் எல்லாம் ஒரே தரமல்ல. பெரும்பாலானவை சில தடவை பிரிந்து ஓய்ந்துவிடும். ஒரு சிறு கூட்டம் மட்டும் தன்னையும் புதுப்பித்துக்கொண்டு, மற்றக் கலங்களையும் உண்டாக்கும். இவைதான் புற்றுநோய் மூலக்கலங்கள். கறையான் புற்றை மண்வெட்டியால் சரித்தாலும் தாய்க்கறையான் உள்ளே இருந்தால் புற்று எழும்பும் அல்லவா, அப்படி.

[காட்சி: சாயமிட்ட கலங்கள், நுணுக்குக்காட்டியில்.]

1994இல் ரொறன்ரோவில் ஆய்வாளர் ஜோன் டிக்கின் குழு இரத்தப் புற்றுநோயில் இதைக் காட்டியது. 2003இல் மார்புப் புற்றுநோயிலிருந்து பிரித்தெடுத்த வெறும் 100 கலங்கள் எலியில் புதுக் கட்டியை உண்டாக்கின. அதே கட்டியின் வேறு கலங்களைப் பல்லாயிரக்கணக்கில் போட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. 2007இல் தலை, கழுத்துப் புற்றுநோயிலும் இதே கதை: சிடி44 என்ற புரதத்தை மேலே சுமக்கும் சிறு பகுதிதான் கட்டியைத் தொடக்கியது.

கீமோ வேகமாகப் பிரியும் கலங்களைத்தான் முக்கியமாகக் குறிவைக்கிறது. மூலக்கலங்களில் பல பிரியாமல் உறங்கிக் கிடக்கும். உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்புகளும் அவற்றின் சவ்வில் அதிகம்.

சரி, இவற்றையே நேராக அடிக்க முடியாதா? முயல்கிறார்கள். ஆனால் இவை நம்பியிருக்கும் நொட்ச், விண்ட் போன்ற சமிக்ஞைப் பாதைகளில்தான், அதாவது பிரி, வளர் என்று கலத்துக்குச் செய்தி போகும் வழிகளில்தான், நம் குடலின் நல்ல மூலக்கலங்களும் வாழ்கின்றன. நொட்ச்சை அடைத்துப் பார்த்தபோது நோயாளிகளுக்குக் கடும் வயிற்றோட்டம் வந்தது. அப்புறம் இன்னொரு சிக்கல்: மூலக்கலத்தை அழித்தால், சாதாரணப் புற்றுக்கலம் ஒன்று அந்த இடத்துக்கு மாறிவிடக்கூடும். அதனால் இரண்டையும் சேர்த்து அடிக்கும் சிகிச்சைகளைத் தேடுகிறார்கள்.

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை. விற்றமின் ஏ-யின் ஒரு வடிவத்தையும் ஆர்செனிக் ஒட்சைட்டையும் கொடுத்து, முதிராத கலங்களை முதிர வைக்கிறார்கள். பெரும்பாலானோர் குணமாகிறார்கள். வாய்ப்புற்றுக்கு அப்படியொரு மருந்து இன்னும் இல்லை.

[காட்சி: வைத்தியர் கன்னத்தின் உட்புறத்தையும் கழுத்தையும் தடவிப் பார்க்கிறார்.]

உறங்கும் கலம் ஸ்கேனில் தெரியாது. கிளினிக்கில் வாயையும் கழுத்தையும் தடவிப் பார்ப்பது, அது விழித்துச் சிறு தடிப்பாக வரும்போதே பிடிக்கத்தான். இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், வெள்ளைப் படை, கழுத்தில் கட்டி என்று ஏதும் கண்டால், அடுத்த திகதி வரும்வரை இருக்க வேண்டாம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அன்றே போங்கள்.