ஆடுகளத்தின் பக்கம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மரபுக் கலையைக் காப்பது ஆவணமா, ஆடுகளமா என்பது இன்றைய தலைப்பு. ஆவணத்துக்காகப் பேசிய எதிரணித் தோழர், மரபுக் கலைகள் போன்ற பண்பாட்டுச் செல்வங்களைக் காக்க 2003இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய உடன்படிக்கையைத் துணைக்கு அழைத்தார். அதையே பார்ப்போம். பாதுகாப்பு என்றால் என்னவென்று விளக்கும் இடத்தில், ஆவணப்படுத்துவதோடு அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது. தோழர் விட்ட அந்தப் பாதியைப் பேசவே வந்திருக்கிறேன்.

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்துத் தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயிலில் அக்கினி வசந்த விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவு விடிய விடியக் கூத்து. அர்ச்சுனன் தவமிருக்கும் அர்ச்சுனன் தபசன்று வேடக்காரர் பாடிக்கொண்டே தபசு மரம் என்று நட்ட உயரமான கம்பத்தில் ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் விழும். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். துரியோதனன் வீழும் படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் ஊர்வெளியில் மல்லாந்து கிடப்பான். வீமன் தொடையில் அடிக்க, பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. இதையெல்லாம் கேமரா பிடிக்கும் ஐயா. ஆனால் மடியேந்தி நிற்கும் அந்தப் பெண் இல்லாவிட்டால் அது தபசே இல்லை, வெறும் மரமேறல்!

கூத்தின் கோமாளியான கட்டியங்காரனைப் பாருங்கள். பாரதக் கதைக்கு நடுவே ஊர்க் குடிதண்ணீர்ப் பிரச்சினையை ஊர்த் தலைவர் முகத்துக்கு நேரே கேட்பார். அடுத்த ஊரில் வேறு பேச்சு. எந்த இரவைப் பதிவு செய்து, இதுதான் கூத்து என்பீர்கள்?

தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. அது நமக்கெல்லாம் பெருமை, மறுக்கவில்லை. ஆனால் விருதுக்கு முன்பே அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆடியது, ஊர்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததால். மரபுக் கலைகளைக் காக்க 1962இல் சட்டம் இயற்றிய தென் கொரியாவும் கலையைப் பட்டியலிட்டதோடு விடவில்லை. தேர்ந்த கலைஞருக்கு மாத உதவித்தொகை கொடுத்து, கற்றுக்கொடுப்பதை அவர் கடமையாகவும் ஆக்கியது.

நாம் என்ன செய்கிறோம்? விடியும்வரை ஆடுகிறவரை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கச் சொல்கிறோம். ஆர்கெஸ்ட்ராவுக்கும் வாணவேடிக்கைக்கும் போக மிஞ்சியதைக் கூத்துக்குத் தருகிறோம். கூத்து வாத்தியாருக்கும், முகவீணை என்ற குழலை ஊதுகிறவருக்கும் முதலில் முன்பணம் கொடுங்கள். வேடம் கட்ட வரும் பையனுக்குக் கூலி கொடுங்கள். எல்லா இரவும் ஆட விடுங்கள். பிறகு கேமராவைக் கொண்டுவாருங்கள், விளக்குப் பிடிக்க நான் வருகிறேன். ஆடுகளத்துக்கே தீர்ப்பு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.