இரத்தம் போகும் குடல் நோய்க்கு ஹெப்பாரின் ஊசி எதற்கு?

குலசேகரத்தில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு ரப்பர் பால்வெட்டு வேலை, மூன்று வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் வெந்து புண்ணாகும் நோய். போன மாதம் நோய் கூடி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, தினமும் தொப்புள் பக்கம், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டார்களாம். "ஏற்கெனவே மலத்தோடு இரத்தம் போகிறவனுக்கு இந்த ஊசியா? இதில் குடல் புண் ஆறுமா? அப்பா இதயத்துக்குச் சாப்பிடும் அசிட்ரோம் மாத்திரையைத் தம்பிக்கும் கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். கொடுக்கவே கூடாது, தங்கச்சி. அதுவும் இரத்தம் உறையாமல் தடுப்பதுதான், ஆனால் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து அப்பாவுக்கென்று அளவு வைத்துக் கொடுத்த மாத்திரை.

சரி, ஊசி எதற்கு? குடல் வெந்து கிடக்கும்போது உடம்பு முழுவதும் இரத்தம் சீக்கிரம் உறையப் பார்க்கும். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கால் இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு. நோய் கூடிப் படுக்கையில் கிடந்தால் இன்னும் அதிகம். காலில் கட்டியது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்கத்தான் சின்ன அளவில் அந்த ஊசி. மலத்தில் கொஞ்சம் இரத்தம் போகிறது என்பதற்காக அதை நிறுத்துவதில்லை. இரத்தம் கொட்டினால் மட்டும் நிறுத்துவார்கள்.

உங்கள் வீட்டில் தெரிந்த விஷயம்தான். ரப்பர் பால் கட்டியாகாமல் இருக்க அமோனியா விடுவோம். சிரட்டையில் உறைந்து ஒட்டுப்பாலாகிப் போனதை அது திரும்பக் கரைக்குமா? ஹெப்பாரினும் அப்படித்தான், புதிதாக உறைவதைத் தடுக்கும், உறைந்ததைத் தானே கரைக்காது.

புண் ஆறுமா என்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. மருத்துவர்களும் அதையே நம்பினார்கள். 1991-ல் அயர்லாந்தில், இதே நோயோடு காலில் இரத்தம் கட்டியவர்களுக்கு ஹெப்பாரின் கொடுத்தபோது குடலும் தேறியதாக எழுதினார்கள். ஹெப்பாரினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு என்பதால் ஆசை வளர்ந்தது. ஆனால் 2000-ல் ஸ்பெயினில் ஸ்டீராய்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் ஹெப்பாரின் குடலை ஆற்றவில்லை, சிலருக்கு இரத்தப்போக்குதான் கூடியது. இப்போது போடுகிற புது வகை ஊசியைச் சோதித்ததிலும் பலன் நிரூபணமாகவில்லை. அதனால் குடலுக்கு மருந்து மெசாலமினும் டாக்டர் எழுதிய மற்றவையும்தான். தம்பி அதை விடக்கூடாது.

அப்புறம், ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, தம்பியைப் பார்க்கும் திருவனந்தபுரத்து டாக்டர் அடுத்து வரச் சொன்ன தேதிவரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள், குடல் நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.