கதவின் அடியைத் தடவிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. மரத்துக்குப் பெயின்ட் அடிப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். எந்த நிறம் அடிக்கலாம், எந்தப் பெயின்ட் நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் கேட்பது வேறு. உங்கள் குளியலறை மரக்கதவின் அடி விளிம்பை எப்போதாவது தடவிப் பார்த்திருக்கிறீர்களா? பல கதவுகளில் அங்கே வெறும் மரம்தான் கையில் தட்டுப்படும். முகத்துக்கு மூன்று கோட் அடித்திருப்பார்கள், அடியில் ஒரு கோட்கூட இருக்காது.

அதில்தான் சிக்கலே. உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீரை மேலே ஏற்றிய நுண்குழாய்கள், அறுத்துப் பலகையாக்கிய பிறகும் மரத்துக்குள் அப்படியே இருக்கின்றன. பலகையின் முகத்தில் அவை படுத்துக் கிடக்கும். குறுக்கே அறுத்த முனையிலோ, கதவின் அடியில் இருப்பதும் அதுதான், வாய் திறந்து நிற்கும். அதனால் முகம் குடிப்பதைவிடப் பல மடங்கு நீரை அந்த முனை குடிக்கும். ஈரம் ஏறினால் மரம் அகலவாட்டில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாட்டில் மாற்றம் மிகக் குறைவு. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழி தேடிப் பெயின்டைப் பின்னாலிருந்து தள்ளும். கொப்புளம் வரும், அப்புறம் செதில் செதிலாக உரியும். பழி மட்டும் பெயின்ட் மீது விழும்.

நானும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மழைக்காலத்தில் தரையில் உரசிய ஒரு கதவை இழைத்துவிட்டு, இழைத்த இடத்துக்குப் பெயின்ட் வைக்காமல் மாட்டிவிட்டேன். அடுத்த மழைக்கு மறுபடி உரசியது. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நல்ல எனாமல் முழுக்க உரிந்துவிட்டது.

சரி, பெயின்டுக்கு வருவோம். வெயிலும் மழையும் படும் இடத்துக்கு நான் தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் வகையைத்தான் சொல்வேன். காய்ந்த பிறகும் அதில் கொஞ்சம் இழுவை இருக்கும். மரம் உப்பும்போது அதுவும் கூடவே நீண்டு கொடுக்கும். எண்ணெய் எனாமல் பளபளப்பாக, தூரிகைத் தடம் தெரியாமல் படியும். ஆனால் வருடங்கள் போகப்போக இறுகி, வெயிலில் வெடிக்கும். வெளிச்சம் குறைந்த அறையில் வெள்ளை எனாமல் மஞ்சளாகவும் மாறும். பழைய எனாமல் மேல் அக்ரிலிக் அடிப்பதானால், முதலில் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பைக் கொன்றுவிடுங்கள். இல்லையென்றால் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும்.

அந்தப் பழைய பெயின்ட் பல பத்தாண்டுகளுக்கு முந்தையது என்றால் அதில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேயுங்கள், நுண்தூசியைத் தடுக்கும் நல்ல முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். இதில் மட்டும் தயவுசெய்து அவசரப்பட வேண்டாம்.

புது மரமாக இருந்தால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தொடவே வேண்டாம். 120 எண் உப்புத்தாள், பிறகு 180, எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே. வெறும் மரத்தைக் கண்ணாடி போல இழைக்கத் தேவையில்லை, பெயின்ட் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். கணு இருக்கும் இடத்தில் பிசின் கசிந்து பெயின்டில் மஞ்சள் கறையாகத் தெரியும். அங்கே மட்டும் அரக்குக் கரைசல் ஒரு கை தடவிவிடுங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. பிரைமருக்கு, அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சுக்கு, முன்னால் தின்னர் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால்தான் பிடிக்கும்.

ஓட்டை, பள்ளங்களை அடைக்கும் பட்டி எண்ணெய் வகையாக இருந்தால் பிரைமருக்குப் பிறகு வையுங்கள். வெறும் மரத்தில் வைத்தால் பட்டியிலிருக்கும் எண்ணெயை மரம் உறிஞ்சிவிடும், பட்டி வறண்டு உதிரும். பட்டி காய்ந்ததும் தேய்த்து, அந்த இடங்களுக்கு மறுபடி பிரைமர் தொட்டுவிட வேண்டும். அதன்மேல் மெல்லிய கோட் இரண்டு. ஒரே கோட்டில் கனமாக அப்பினால் மேலே ஆடை கட்டும், அடியில் ஈரமாகவே நின்று சுருக்கம் விழும். நேர் வெயிலில் அடிக்காதீர்கள். அக்ரிலிக்குக்குச் செயற்கை நார்த் தூரிகையே சரி, விலங்கு மயிர்த் தூரிகை தண்ணீரில் ஊறித் தளர்ந்துவிடும்.

இப்போது மறுபடி அந்த அடி விளிம்பு. கதவைக் கழற்ற முடிந்தால் கழற்றி, முதலில் அடியையும் தலையையும் முடியுங்கள். அங்கே பிரைமரை மரம் குடித்து முடிக்கும் வரை இரண்டு மூன்று முறை கொடுங்கள். மாட்டிய கதவைக் கழற்ற முடியாவிட்டால், தரையில் பழைய தாளை விரித்து, ஒரு துண்டுக் கம்பளத்தில் பெயின்டைத் தோய்த்துக் கதவுக்கு அடியில் செருகி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழுங்கள். பிறகு ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். எங்கே விட்டுப் போயிற்று என்று அதிலேயே தெரிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.