சரிந்த தரையில் ஒரு இசைத்தட்டு கம்பெனி

வணக்கம் நேயர்களே.

1960-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், மூடிக் கிடந்த ஒரு சினிமா தியேட்டரை மாதம் 150 டாலர் வாடகைக்கு எடுத்தார்கள் ஓர் அக்காவும் தம்பியும். அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன், தம்பி ஜிம் ஸ்டூவர்ட். இரண்டு பேருமே வங்கி ஊழியர்கள். ஒலிப்பதிவுக் கருவி வாங்குவதற்காக அக்கா ஏற்கெனவே தன் வீட்டை அடமானம் வைத்திருந்தார். தியேட்டர் நாற்காலிகளை அகற்றியாயிற்று. ஆனால் மேடையை நோக்கிச் சரியும் தரையைச் சமப்படுத்தக் கையில் காசில்லை. அந்தச் சரிவிலேயே டிரம்ஸை வைத்து வாசித்தார்கள். அங்கே பதிவான பாட்டுகளில் ஒரு தனிக் கனம் இருக்கும். அதற்கு அந்தத் தரையும் ஒரு காரணம் என்பார்கள்.

இருவருடைய குடும்பப் பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகளையும் சேர்த்து 1961-ல் வைத்த பெயர்தான் ‘ஸ்டாக்ஸ்’. சுயாதீன இசை நிறுவனங்கள் என்று பேச்சு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

தியேட்டரில் மிட்டாய் விற்ற இடத்தை எஸ்டெல் இசைத்தட்டுக் கடையாக மாற்றினார். தெருப் பிள்ளைகள் வந்து மணிக்கணக்கில் பாட்டு கேட்பார்கள். உள்ளே பதிவான புதுப் பாட்டை அவர்களுக்குப் போட்டுக் காட்டுவார். யாருக்குக் கால் தாளம் போடுகிறது, யார் பாதியில் பேச ஆரம்பிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்பார். லட்சக்கணக்கில் செலவழித்தாலும் இப்படி ஒரு காது கிடைக்காது என்பது என் எண்ணம். அந்தக் கடைக்கு வந்துபோன பள்ளி மாணவன்தான் புக்கர் டி. ஜோன்ஸ். பிறகு அங்கேயே ஆர்கன் வாசித்தார். அவருடைய குழுவில் இரண்டு கறுப்பர்கள், இரண்டு வெள்ளையர்கள். நிறப் பாகுபாடு தலைவிரித்தாடிய ஊரில், 1962-ல், அது சாதாரண விஷயம் இல்லை.

அதே ஆண்டில் வேறொரு கலைஞருக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்த ஓர் இளைஞர், பதிவு முடிந்து நேரம் மிச்சமிருந்தபோது, தானும் பாடிப் பார்க்கிறேன் என்றார். அவர்தான் பின்னாளில் ஸ்டாக்ஸின் பெரிய பாடகரான ஓடிஸ் ரெடிங். 1967 டிசம்பர் 10-ம் தேதி விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 26.

அடுத்த அடி காகிதத்தில் இருந்து வந்தது. ஸ்டாக்ஸின் தட்டுகளை விநியோகித்தது அட்லாண்டிக் என்ற பெரிய நிறுவனம். முதலில் வாய்வார்த்தை, 1965-ல் எழுத்தில் ஒப்பந்தம். ஜிம் அதைச் சரியாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அட்லாண்டிக் கைமாறி, 1968-ல் உறவு முறிந்தபோதுதான் தெரிந்தது: விநியோகித்த பாட்டுகளின் மாஸ்டர் டேப்புகள், அதாவது மூல ஒலிப்பதிவுகள், எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம். ஓடிஸ் அங்கே பாடியவை உட்பட. வீட்டை அடகு வைத்து உண்டாக்கிய பாட்டுகள் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வாசகத்தால் கையைவிட்டுப் போயின. இதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு ஆறுவதில்லை.

கையில் பழைய பாட்டே இல்லாத கம்பெனி என்ன செய்யும்? அப்போது பொறுப்பில் இருந்த ஆல் பெல், 1969-ல் ஒரே வீச்சில் 27 ஆல்பங்களை வெளியிட்டார். அதில் பாடகர் ஐசக் ஹேய்ஸின் ஆல்பத்தில் நாலே பாட்டு; ஒன்று மட்டுமே 18 நிமிடத்துக்கு மேல். வானொலிக்கு மூன்று நிமிடப் பாட்டு என்பது வழக்கமாக இருந்த காலம் அது. அந்த ஆல்பம்தான் ஸ்டாக்ஸை மறுபடி எழுப்பி நிறுத்தியது. 1972 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸில் நடத்திய இசைவிழாவுக்கு நுழைவுச்சீட்டு ஒரே டாலர்; கூட்டம் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

அப்புறம் இன்னொரு பெரிய விநியோக ஒப்பந்தம், கடன், வழக்கு. 1975 டிசம்பரில் திவாலாகிக் கதவு மூடப்பட்டது. 1989-ல் தியேட்டரையே இடித்துவிட்டார்கள். 2003-ல் அதே மனையில் அருங்காட்சியகம் எழுந்தது. உள்ளே பழைய ஒலிப்பதிவுக் கூடத்தை மீண்டும் அமைத்தபோது, தரையைச் சரிவாகவே போட்டார்கள்.