பூரான் உங்க பாத்ரூமைத் தேடி ஏன் வருது? அரிசோனா முதல் காங்கேயம் வரை

(திரையில்: மேலிருந்து எடுத்த ஒரு பெரிய பூரானின் படம்)

இந்தப் படத்தை நல்லாப் பாருங்க. இதில் தலை எந்தப் பக்கம், மேலேயா கீழேயா? வேண்டுமானால் வீடியோவை நிறுத்திவிட்டு யோசிங்க, அவசரம் இல்லை. ஆனால் நிஜத்தில் இடுக்கியை எடுத்துக்கொண்டு போகும்போது இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னால் உங்கள் விரல் போய் நிற்கிற இடம் விஷக் கொக்கிக்கு நேர் முன்னால்.

முடிவு பண்ணியாச்சா? கீழே இருப்பதுதான் தலை. மேலே நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டும் உணர்கொம்பு இல்லை, கடைசி ஜோடிக் கால். அந்த ஜோடி நடக்கிறதே இல்லை. இரையை இறுக்க, பின்னால் வருகிறவனைத் தடவிப் பார்க்க, மிரட்ட என்று அதற்கு வேறு வேலை. தலைப்பக்கம் இருக்கிற முதல் ஜோடிக் கால்களும் நடப்பதில்லை, அவைதான் விஷம் ஏற்றும் கொக்கிகளாக மாறியிருக்கின்றன. ஆக, பூரான் நம்மைக் கடிப்பது வாயால் இல்லை, காலால்! இது தெரிந்த அன்றைக்கு நான் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

வணக்கமுங்க. இன்றைக்கு வறண்ட ஊர் வீடுகளில் தலைகாட்டுகிற பூரான், தேள் பற்றிய வீடியோ.

அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் சேண்ட்லரில் இருக்கிற என் மாமன் மகன் ஒரு படம் அனுப்பினான். வெள்ளை வாஷ்பேசினுக்குள் ஒரு பூரான், வழுவழுப்பில் கால் பிடிக்காமல் ஏறுவதும் சறுக்குவதுமாக நிற்கிறது. "மச்சா, பாலைவனத்துல இதுக்கென்னடா வேலை?"ன்னு கேட்டிருந்தான். நியாயமான கேள்வி. அங்கே வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது. நமக்கு காங்கேயம், தாராபுரம் பக்கம் 600ஐ ஒட்டிப் பெய்யும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை வால்பாறைப் பக்கமே வாங்கிக்கொள்கிறது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது பெரும்பாலும் வெறும் காற்று. நம்மூர் பாலைவனம் இல்லை, ஆனால் பூரான் விஷயத்தில் ரெண்டு ஊருக்கும் ஒரே கதை.

அந்தக் கதை தண்ணீர்.

பூச்சிகளுக்கு உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கும், மூச்சு விடுகிற துளைகளை மூடித் திறக்கவும் முடியும். அதனால்தான் கரப்பான் எந்த மூலையிலும் பிழைத்துக்கொள்கிறது. பூரானுக்கு மெழுகும் சரியாக இல்லை, துளையை மூடவும் தெரியாது. சித்திரை வெயிலில் மூடி போடாத குடத்தை வாசலில் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் அதன் உடம்புக்குள் நாள் முழுக்க நடக்கிறது, ஈரம் போய்க்கொண்டே இருக்கும். பகலில் வெட்டவெளியில் மாட்டினால் காய்ந்தே செத்துவிடும். அதனால் ராத்திரி மட்டும் நடமாட்டம், பகலில் கல்லுக்கடியில், மண்வெடிப்பில், மரப்பட்டைக்குள். சுற்றி இருக்கிற ஊரே காய்ந்து கிடக்கும்போது ஈரம் இருக்கிற ஒரே இடம் எது? உங்க வீடு.

இப்போது வீட்டை ஒரு சுற்று சுற்றி வாங்க. பாத்ரூம் ஜாலி, அதாங்க தண்ணீர் வெளியே போகிற ஓட்டைமேல் இருக்கிற சல்லடை மூடி, அதற்கு அந்தப் பக்கம் சலதாரை. ஏசி குழாய் சொட்டுகிற மூலை, ஏர்கூலர் வைத்த ஜன்னலோரம். தொட்டிச் செடியைத் தூக்கினால் அடியில் வட்டமாக ஒரு ஈரம் தெரியும், அது முதல் தர அறை. எப்போதும் நனைந்தே கிடக்கிற மிதியடி. பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில், துணி துவைக்கிற கல்லைச் சுற்றி அடுக்கி வைத்த பழைய ஓடு, "எதுக்காவது ஆகும்"னு வைத்த செங்கல், கொட்டாங்குச்சிக் குவியல். தோட்டத்துச் சாளையாக இருந்தால் கேட்கவே வேண்டாம், தென்னைக்குச் சொட்டுநீர் போட்டு மேலே மட்டையை மூடாக்காகப் பரப்பியிருப்போம் இல்லையா, மரத்துக்கு அது அவ்வளவு நல்லது, பூரானுக்கும் அவ்வளவு நல்லது. இதில் மூடாக்கைக் குறை சொல்லவே மாட்டேன், ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டி அதைக் குவித்து வைப்பது நாமே வெத்தலைபாக்கு வைத்து அழைக்கிற வேலை. சேண்ட்லரிலும் இதே கணக்குதான்: சொட்டுநீர்க் குழாய், அலங்காரக் கல், பூச்செடி, எல்லாம் சுவரை ஒட்டி. ஈரத்துக்கு வந்த இடத்தில் கரப்பானும் கிடைத்தால் அது எதற்குத் திரும்பிப் போகும்?

சரி, இதற்கு நேர்மாறாக ஐப்பசி மழையிலும் வருதே என்று கேட்பீங்க. பொந்துக்குள் தண்ணீர் நிறைந்தால் அதுவும் மேடு தேடத்தான் செய்யும்.

கால் எத்தனை? நம் வீட்டுக்கு வருகிற பெரிய பூரானுக்கு 21 ஜோடி. நூறு கால் என்று சொல்வதெல்லாம் சும்மா. பூரான் இனங்களில் 15 ஜோடியிலிருந்து 191 ஜோடி வரை இருக்கிறது, ஆனால் அந்த ஜோடி எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே வரும். 49 ஜோடி என்றால் 98 கால், 51 என்றால் 102. சரியாக 100 வரவே வராது! யாராவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தால் நாளைக்கு வாத்தியாரிடம் கேளுங்க, திட்டு வாங்கினால் நான் பொறுப்பில்லை.

இன்னொன்று சொல்லியே ஆகணும், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தாய்ப் பூரான் முட்டைகளைச் சுற்றி உடம்பை வளைத்துப் படுத்துக்கொள்ளும், வயிறு உள்பக்கம், முதுகு வெளிப்பக்கம். முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். குஞ்சு பொரித்த பிறகும் அவை தனியே போகிற வரைக்கும் அப்படியே அணைத்துக்கொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் நாம் கல்லைப் புரட்டித் தொந்தரவு பண்ணினால் சில சமயம் முட்டைகளைத் தானே தின்றுவிடும், அது வேறு சோகம். வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகளைக் கட்டிக்கொண்டு கிடக்கிற பூரானை ஒருதரம் பார்த்துவிட்டால் சீமாறைத் தூக்க மனசு வராது. எங்கம்மாவுக்கு வரும். அது வேற விஷயம்.

இப்போ விஷம். 2018ல் வந்த ஒரு ஆய்வு: கிழக்காசியாவின் தங்கத்தலைப் பூரான், எடை 3 கிராம், 45 கிராம் சுண்டெலியை 30 நொடியில் சாய்த்துவிட்டது. நரம்பு, இதயம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் போய்வருகிற வாசலை விஷம் அடைத்துவிடுகிறது. பயப்பட வேண்டாம், நீங்க 45 கிராம் இல்லை. மனிதர்களுக்குச் சுரீர் என்று எரியும் வலி, வீக்கம், சிவப்பு, அவ்வளவுதான் பெரும்பாலும். உயிர் போவது மிக மிக அரிது. சோப்புப் போட்டுக் கழுவுங்க, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கடிவாயை முக்கி வைங்க, வலி குறையும். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் வந்தாலோ சின்னக் குழந்தை என்றாலோ நேராக ஆஸ்பத்திரிதான்.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். காலையில் எழுந்ததும் உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்து அரித்தால் "பூரான் கடிச்சிருக்கும்"னு வெத்தலையும் மிளகும் தேடுவோம். நிஜமான கடி என்றால் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி இருக்கும், வலி தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டிருக்கும். உடம்பெல்லாம் தடிப்பது பெரும்பாலும் ஒவ்வாமை. முந்தின நாள் என்ன சாப்பிட்டீங்க, என்ன மாத்திரை போட்டீங்க என்று யோசிங்க. பாவம் பூரான், அது சலதாரையில் கிடந்திருக்கும்.

மரவட்டை, அதாங்க ரயில் பூச்சி, கடிக்காது, தொட்டால் கையில் கறை படியும், அடுத்து. ஒட்டகச் சிலந்தி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் குலை நடுங்கும், ஆனால் விஷமே இல்லை, அடுத்து.

தேள். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பெரிய கருந்தேள், தடித்த கொடுக்குக் கையோடு வருமே, பார்க்கத்தான் பயங்கரம். ஒல்லிக் கையும் தடித்த வாலுமாகச் சின்னதாக இருக்கிற செந்தேள்தான் ஆபத்து, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. கொட்டிய பிறகு வாந்தி, கொட்டுகிற வியர்வை, கைகால் சில்லிட்டுப் போவது என்றால் மந்திரிக்கிற இடத்துக்குப் போய் நிற்காதீங்க. மகாராஷ்டிராவில் மகாட் என்ற சின்ன ஊரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், 1980களில், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பிரசோசின் மாத்திரை செந்தேள் கடிக்கு வேலை செய்வதைக் காட்டினார். அவருக்கு 2022ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சீக்கிரம் போனால்தான் அந்த மருந்துக்குப் பலன்.

வீட்டில் என்ன பண்ணலாம்? ஜாலிக்கு மேல் நெருக்கமான வலை, கதவுக்கடியில் இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டை, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி மூடாக்கு, ஒழுகுகிற குழாய்க்கு வாசர். மருந்து அடிப்பதைவிட வாசர் மாற்றுவதற்குத்தான் என் ஓட்டு. பினாயிலைச் சலதாரையில் ஊற்றினால் உள்ளே இருப்பது வீட்டுக்குள்தான் ஏறி வரும்.

தேள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஜாலியான வழி இருக்கு. கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச் கடையில் கிடைக்கும், 395 நானோமீட்டர் என்று போட்டிருந்தாலே போதும். நிலா இல்லாத ராத்திரி, காலில் ஷூ போட்டுக்கொண்டு, சோளத்தட்டுப் போர் பக்கமோ கல்கட்டு ஓரமோ அடித்துப் பாருங்க. தேள் பச்சையாக மின்னும், ரேடியம் ஒட்டின பொம்மை கெட்டது! புதிதாகச் சட்டை உரித்த தேள் மட்டும் மின்னாது, அதனால் மின்னவில்லை என்றால் இல்லை என்று கையை விட்டுவிடாதீங்க. கிடைத்ததைப் படம் எடுத்து ஊர்ப் பெயரோடு கீழே போடுங்க, அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். கையில் பிடித்தபடி செல்ஃபி எடுத்து அனுப்புகிறவர்கள் படம் மட்டும் வராது.