லயத்து வாசல் வரை

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வேலை முடிந்து, குளித்து, பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு இந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பிறந்தது இங்கிருந்து அதிக தூரமில்லாத ஒரு ரப்பர் தோட்டத்தில். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், பன்னிரண்டு வீடு, ஒரே குழாய். விடியற்காலை நாலு மணிக்கு, பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு) போவதற்கு முன்னால், அம்மா வாளியைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு வருவார். ஆள் நிற்க வேண்டாம், வாளி நின்றால் போதும். எங்கள் வாளியின் கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும், அதுதான் அடையாளம். விளக்கு தோட்டத்து இஞ்சினில் இருந்து வரும். சாயங்காலம் எரிந்தால் இரவு பத்துக்கு அணைந்துவிடும். கணக்கு முடியவில்லை என்றால் மண்ணெண்ணெய் விளக்குதான்.

அந்தத் தண்ணீரும் விளக்கும் பிறகு வீட்டுக்குள் வந்தன. யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. தொழிற்சங்கம் கேட்டது, சட்டம் வந்தது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தொழிலாளர் வீடமைப்புக்கும் வசதிகளுக்கும் குறைந்தபட்சத் தரம் வைத்த சட்டம். அதன் முகப்பைப் படித்துப் பாருங்கள். வீடு சொல்கிறது, பிள்ளைக் காப்பகம் சொல்கிறது (நம்முடைய ஆயாக்கொட்டகை), மருத்துவம் சொல்கிறது, தோட்டத்துத் தொழிலாளிக்குப் பயிர் வைக்கவும் மாடு மேய்க்கவும் நிலம் ஒதுக்கச் சொல்கிறது. மாட்டுக்குப் புல் வேண்டும் என்றுகூட யோசித்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

அந்த முகப்பில் இணையம் இல்லை. 1990ல் அதை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. ஆனால் இன்று ஒரு குடும்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று எழுத உட்கார்ந்தால் அதை விட்டுவிட்டு எழுத முடியுமா? நான் சொல்ல வந்தது இதுதான். குழாய் லயத்து வாசலுக்கு வந்ததுபோல இணையமும் வர வேண்டும். ரோட்டு முனை வரை வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நாம் தலையாட்டக் கூடாது. லயம் என்ற சொல்லே வெள்ளைக்காரன் சொன்ன ‘லைன்’தானே. இப்போது அந்த லயத்துக்கு ஒரு லைன் கேட்கிறோம், அவ்வளவுதான்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஜூனில், சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுத மரத்தில் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. நம் பக்கத்தில் அப்படிப் படம் எடுக்க யாரும் இல்லை. அடுத்த ஆண்டு பிடிபிஆர் (வீட்டில் இருந்தே படிக்கும் திட்டம்) நடந்தபோது, பாடத்தாள்களை எடுத்துக்கொண்டு ஒரு தோட்டத்துக்குப் போனேன். பட்டணத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம். மாரியம்மன் கோயில் படிக்கட்டில் நாலு பிள்ளைகள், ஒரு போன். அங்கே மட்டும்தான் லைன் கிடைக்கும். அதுவும் மூன்றாவது படியில். நான்காவது படிக்கு ஏறினால் திரையின் மூலையில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து வந்துவிடும், பழைய 2ஜி என்பதற்கு அடையாளம். ‘ஈ’ வந்தால் பேசலாம், செய்தி அனுப்பலாம், பாடம் இறங்காது. ஆசிரியர் அனுப்பிய பாடத்தின் படத்தைப் பெரியவள் விரலால் பெரிதாக்கி வரிவரியாக வாசிக்கிறாள், மற்ற மூன்று பேரும் நோட்டில் எழுதுகிறார்கள். தூறல் விழுந்தது. செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு அப்படியே வந்திருந்த தாய், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் போனுக்கு மேலே பிடித்தார். பிள்ளைகளுக்கு மேலே பிடிக்கவில்லை. “அவங்க நனஞ்சா துடைச்சிக்கலாம் சார், இது நனஞ்சா எங்க போறது” என்றார்.

அந்தத் துண்டை நான் இன்னும் மறக்கவில்லை.

ஏன் மூன்றாவது படியில் மட்டும் கிடைக்கிறது? இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்தால்தான் சரியாகக் கேட்க முடியும். கோபுரத்தில் இருந்து வரும் அலை வானொலி அலைதான். குறைந்த அலைவரிசை தூரம் போகும், தடையைக் கொஞ்சம் தாண்டும். உயர்ந்த அலைவரிசை நிறையத் தகவலைச் சுமக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். செம்பனை மட்டையில் இருப்பதெல்லாம் ஈரம். ஈரம் அலையைக் குடிக்கும். மழை பெய்து மட்டை நனைந்தால் இன்னும் மோசம். லயங்கள் பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கின்றன, மேட்டில் இருப்பது துரை பங்களா. 2021 முடிவில் நாடு முழுவதும் 3ஜியை நிறுத்தினார்கள். 4ஜியை விரிவாக்க அது தேவைப்பட்டது, சரி. 4ஜி எட்டிய இடத்தில் நல்லதே நடந்தது. எட்டாத பள்ளத்தில் ‘ஈ’ மட்டும் மிஞ்சியது. அப்புறம், தோட்டம் தனியார் நிலம். கோபுரம் வைக்கவும் கம்பி இழுக்கவும் நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனம் தலையை எண்ணும். நாற்பது வீடு, குறைந்த வருமானம் என்றால் கணக்கு கட்டாது என்று நகர்ந்துவிடும்.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதிக்கும்) மலிவு விலை அடுக்குமாடிக்கும் வந்துவிட்டவர்களுக்கு வேறு தொல்லை. இணைய இணைப்புக்குக் கம்பத்துப் பெட்டியில் இத்தனை வீட்டுக்குத்தான் இடம், ‘போர்ட் இல்லை, காத்திருங்கள்’ என்ற பதில். எத்தனை மாதம் என்று சொல்ல மாட்டார்கள்.

“போன்லயே நெட் இருக்கே, இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு” என்று ஒரு அண்ணன் வாசலில் என்னைக் கேட்டார். அண்ணே, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் எஸ்பிஎம், ஐந்தாம் படிவத் தேர்வு, நன்றாக எழுதினான். அவனுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. இடம் கிடைத்த செய்தியும் இணையத்தில்தான், ஏற்றுக்கொள்கிறேன் என்று பதில் சொல்வதும் இணையத்தில்தான், அதற்குக் கெடுவும் உண்டு. அந்த வாரம் வீட்டில் டாப்-அப் முடிந்துவிட்டது. அப்பாவுக்கு வெள்ளிக்கிழமைதான் கையில் காசு. போட்டுத் திறந்து பார்த்தபோது கெடு முடிந்து இரண்டு நாள். அலுவலகத்துக்கு நேரில் போனோம், போன் போட்டோம், கடிதம் கொடுத்தோம். இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அவன் இப்போது ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான். உழைப்பில் குறையில்லை. ஆனால் அவன் எழுதிய தேர்வுக்கு இதுவா கூலி? பத்து வெள்ளி (ரிங்கிட்) இல்லாததால் நடந்தது அது. அன்று நான் ஒரு முறை அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கலாம் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

அரசாங்கத்தின் ரஹ்மா உதவித்தொகை விண்ணப்பம், சேமநிதிக் கணக்கு, பல்கலைக்கழக விண்ணப்பம், வேலை தேடுவது எல்லாம் அங்கே போய்விட்டது. உலகத்தில் இன்னும் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருக்கிறார்கள் என்று ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பு 2024ல் கணக்குச் சொன்னது. அவர்கள் தூர தேசத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம்.

காசு விஷயத்துக்கு வருவோம். சாதாரண இணையச் சேவை, நாட்டின் தலா வருமானத்தில் மாதம் 2 விழுக்காட்டுக்குள் கிடைக்க வேண்டும் என்று ஐநாவின் அகன்ற அலைவரிசை ஆணையம் இலக்கு வைத்தது. சராசரி அழகாக இருக்கும். நம் சம்பளத்தில் போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் 2 விழுக்காடு 34 வெள்ளி. வாரம் பத்து வெள்ளி டாப்-அப் போட்டாலே ஒரு போனுக்கு மாதம் 40 வெள்ளி தாண்டுகிறது. வீட்டில் மூன்று பிள்ளை படித்தால்? மொத்தமாகக் கட்ட முடிந்தவர்கள் மாதக் கட்டணத்தில் அளவில்லாமல் பார்க்கிறார்கள். சில்லறையாக வாங்குகிற நாம்தான் அதிக விலை கொடுக்கிறோம். கடையில் அரிசி மூட்டையும் முக்கால் கிலோ பொட்டலமும் மாதிரி.

இன்னொன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் நிகர வருமானத்தில், அதற்கென்று உள்ள கணக்குப்படி, 6 விழுக்காட்டை ஒரு பொது நிதிக்குக் கட்ட வேண்டும். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் அமைந்த நிதி. சேவை எட்டாத இடங்களுக்குச் சேவை கொண்டுபோகத்தான் அது. எஸ்கேஎம்எம், அதாவது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம், அதை நடத்துகிறது. கோபுரங்களும், ‘நாடி’ என்று பெயர் வைத்த இணைய மையங்களும் அந்த நிதியில் வருகின்றன. அந்தப் பணம் எங்கிருந்து போகிறது? நீங்கள் போட்ட டாப்-அப்பில் இருந்தும்தான். ஆகவே கேட்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

மஇகா தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. வெள்ளைக்கார முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அவர் தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் சீவுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அன்று பத்து வெள்ளி போட்டவர்கள் நம் தாத்தா பாட்டி. தனித்தனியாக அவர்களால் ஒரு மரம்கூட வாங்கியிருக்க முடியாது.

நாமும் இப்போது தனித்தனியாகத்தான் புகார் செய்கிறோம். ஒரு வீடு புகார் செய்தால் ஒரு புகார் எண், அதோடு சரி. லயம் முழுக்கச் சேர்ந்து எழுதினால் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு நகல், எஸ்கேஎம்எம்முக்கு ஒரு நகல், சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல் என்று போகலாம். அதில் ஆத்திரம் வேண்டாம், விவரம் வேண்டும். எத்தனை வீடு, எத்தனை பள்ளிப் பிள்ளைகள், எந்த இடத்தில் லைன் இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை, மழை நாளில் எப்படி.

வாசலில் நீல மேசை போட்டிருக்கிறோம். படிவம் மூன்று நாள் வைத்திருந்து நிரப்புகிற மாதிரி இருக்கிறது. காலை, மதியம், இரவு உங்கள் வீட்டு வாசலில் நின்று போனைப் பார்த்து, எத்தனை கோடு, 4ஜியா ‘ஈ’யா என்று எழுதுங்கள். பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள், அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள் விரல் ரேகை வைக்கலாம், மை கொண்டுவந்திருக்கிறேன். தூரத்துத் தோட்டங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை நானே மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.