ஒரு குத்துக்கு எத்தனை பிரிவு?

வணக்கம் நேயர்களே. கொட்டியாரக் குடாக் கரையில் வலை விஷயமாக இரண்டு பேர் வாய்த்தர்க்கப்பட்டு, ஒருவர் மற்றவரின் முகத்தில் குத்திவிடுகிறார் என்று வையுங்கள். உதடு வீங்கியதோடு போனால் அது எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவு. உச்சம் ஒரு வருடச் சிறை. அதே குத்தில் பல் உடைந்தால் 316ஆம் பிரிவு. உச்சம் ஏழு வருடம். கையில் மீன் வெட்டும் கத்தி இருந்திருந்தால் சிறு காயத்துக்கு 315, மூன்று வருடம். பாரதூரமான காயத்துக்கு 317, பத்து வருடம்.

துடுப்பால் அடித்தால்? கத்தி வெட்டும் கருவி, அதில் பேச்சில்லை. துடுப்போ, ஆயுதமாகப் பாவித்தால் உயிர் போகக்கூடிய பொருள்தான் என்று காட்டப்பட வேண்டும். அதன் பாரம், அடி விழுந்த இடம் எல்லாம் அப்போது பேசப்படும். இன்னொன்று, பல் உடைந்தது மட்டும் 316க்குப் போதாது. அப்படியான காயம் வரலாம் என்று தெரிந்தே அடித்தாரா என்பதும் நிறுவப்பட வேண்டும். வழக்குகள் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்.

எது பாரதூரமான காயம் என்பதை 311ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. பார்வை அல்லது செவிப்புலன் நிரந்தரமாகப் போவது, எலும்பு முறிவு, முகம் நிரந்தரமாகச் சிதைவது, வயிற்றையோ நெஞ்சையோ மண்டையையோ திறந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வருவது எல்லாம் அதில் அடங்கும். இருபது நாட்கள் கடும் வேதனையில் கிடப்பதும், வழமையான வேலை செய்ய முடியாமல் போவதும் அப்படியே. "இருபது நாள் ஆசுப்பத்திரியில் படுத்தால்தான் பெரிய வழக்கு" என்று சனம் சொல்வது பிழை. கட்டில் நாட்களைச் சட்டம் எண்ணுவதில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தவர் இருபது நாள் கடலுக்குப் போக முடியாமல் இருந்தாலும் கணக்கில் வரும்.

இதையெல்லாம் முதலில் எழுதுபவர் நீதவான் அல்ல, வைத்தியர். பொலிசார் கொடுக்கும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தில் காயத்தின் வகையை அவரே குறிக்கிறார். காயப்பட்டவர் சொல்லாமல் கொள்ளாமல் வார்டை விட்டுப் போய்விட்டாலோ, எக்ஸ்ரே எடுக்கவில்லை என்றாலோ, வெட்கத்தில் "படியில் விழுந்திட்டன்" என்று சொல்லிவிட்டாலோ பல்லும் எலும்பும் அந்தப் படிவத்துக்குள் வராது. பிறகு நீதிமன்றத்தில் எவ்வளவு கத்தினாலும் 314தான்.

போதைப்பொருளில் அளவுகோல் வேறு, அங்கே பேசுவது தராசு. ஹெரோயின் இரண்டு கிராமோ அதற்கு மேலோ என்றால் மரணதண்டனை அல்லது ஆயுள் தண்டனை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொல்லும் தூய நிறையே கணக்கு, பொட்டலத்தின் நிறை அல்ல. மரணதண்டனை 1976க்குப் பிறகு இங்கே நிறைவேற்றப்படவில்லை, விதிப்பது நிற்கவுமில்லை.

புத்தகத்தில் உள்ள உச்சம் வேறு, கிடைக்கும் தண்டனை வேறு. நீதவான் நீதிமன்றம் பொதுவாக இரண்டு வருடத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது. சிறை இரண்டு வருடத்தைத் தாண்டினால் அதை ஒத்திவைக்கவும், அதாவது உடனே சிறைக்கு அனுப்பாமல் விடவும், இயலாது. அதனால்தான் வழக்கு எந்த மன்றத்துக்குப் போகிறது என்று சட்டத்தரணிகள் முதலில் பார்க்கிறார்கள்.

கடைசியாக, காயப்பட்டவர் வார்டில் இறந்துபோனால் என்ன ஆகும்? பொலிசார் நீதவானுக்கு அறிக்கையிட்டு 296ஆம் பிரிவுக்கு, அதாவது கொலைக்கு, மாறலாம். திடீர்ச் சண்டை, திடீரெனக் கடுமையாகச் சினமூட்டப்பட்டமை போன்ற விதிவிலக்குகள் நிறுவப்பட்டால் அது கைமோசக்கொலையாக, அதாவது கொலையை விடச் சிறிய குற்றமாக, குறையும். ஆனால் அந்த வாதம் வழக்கு விளக்கத்தில் தீரும் விஷயம், மாதங்கள் போகும். பிணை அன்றைக்கே கைமாறிவிடும். முதல்நாள் வரை நீதவானிடம் கேட்ட பிணையை, குடும்பத்தார் மேல் நீதிமன்றத்தில்தான் இனிக் கேட்க வேண்டும்.